ராஜமன்னார் குழுவின் ஒரு பரிந்துரையும் ஒரு சின்னக் கணக்கும்

தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு சூடுபிடிக்கும்போதெல்லாம் நம்ம ஊர்ல ஒரு யோசனை தவறாமல் மேலே வரும். "மக்களவையில மக்கள்தொகைப்படி வச்சுக்கட்டும். மாநிலங்களவையில அமெரிக்கா மாதிரி எல்லா மாநிலத்துக்கும் சமமா இடம் கொடுத்துடணும். கணக்கு நேராயிடும்." கேட்பதற்கு நியாயமாக இருக்கும். நானும் பல வருஷம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். கூட்டாட்சி பற்றிப் பேசக் கூப்பிட்ட இடங்களில் முடிவுரையாக இதைத்தான் வைப்பேன். கைதட்டலும் கிடைக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய வாசகர் வட்டத்தில் இப்படிப் பேசி முடித்ததும், கடைசி வரிசையில் இருந்த ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "சார், இப்ப நமக்கு மாநிலங்களவையில 18 பேர் இருக்காங்க. எல்லாருக்கும் சமம்னு ஆக்கினா நமக்கு எத்தனை வரும்?"

என்னிடம் பதில் இல்லை. "எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம், கொள்கைதான் முக்கியம்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து தாளும் பேனாவுமாக உட்கார்ந்த பிறகுதான், இத்தனை நாள் கணக்கே போடாமல் பேசியிருக்கிறேன் என்பது உறைத்தது. அன்று போட்ட கணக்கும் அதற்குப் பின் தேடிப் படித்ததும்தான் இந்தக் குறிப்பு.

பரிந்துரை எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கைக்கு ஒரு மதிப்புமிக்க முன்னோடி உண்டு. 1969-இல் தமிழக அரசு மத்திய-மாநில உறவுகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார் தலைவர். ஏ. லட்சுமணசாமி முதலியார், பி. சந்திர ரெட்டி இருவரும் உறுப்பினர்கள். 1971-இல் அறிக்கை வந்தது. அதன் அடிப்படையில் 1974-இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதெல்லாம் தெரிந்த கதை.

அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, மக்கள்தொகை வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லா மாநிலங்களுக்கும் மாநிலங்களவையில் சமமான பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது. பிற்பாடு மத்திய அரசு அமைத்த பூஞ்சி ஆணையமும் 2010-இல் இதே திசையில் பரிந்துரைத்தது. நடுவில் வந்த சர்க்காரியா ஆணையம் மட்டும் இதை ஏற்கவில்லை.

ராஜமன்னார் குழுவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆளுநர் நியமனம், நிதிப் பகிர்வு, 356-ஆவது பிரிவு பற்றியெல்லாம் அந்தக் காலத்திலேயே அவ்வளவு துணிவாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் மரியாதைக்காக ஒரு பரிந்துரையைச் சோதிக்காமலே சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

கணக்கு

மாநிலங்களவையில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 233. இதில் டெல்லி, புதுச்சேரி, ஜம்மு-காஷ்மீர் ஆகிய யூனியன் பிரதேசங்களின் 8 இடங்களைக் கழித்தால், 28 மாநிலங்களுக்கும் சேர்த்து 225. இந்த 225-ஐ வைத்தே பார்ப்போம்.

தமிழ்நாட்டுக்கு 18. அதாவது 8 சதவீதம். எல்லா மாநிலங்களுக்கும் சமம் என்று ஆக்கினால் 28-இல் ஒரு பங்கு, சுமார் 3.6 சதவீதம். பாதிக்கும் கீழே.

சரி, தமிழ்நாடு தனியாக நஷ்டப்பட்டாலும் தெற்கு சேர்ந்து லாபப்படுமா? ஆந்திரம் 11, தெலங்கானா 7, கர்நாடகம் 12, கேரளம் 9, நாம் 18. கூட்டினால் 57. இது 25.3 சதவீதம். சமப் பங்கீட்டில் 28-இல் 5, அதாவது 17.9 சதவீதம். கால் பங்கிலிருந்து ஆறில் ஒன்றுக்குச் சற்று மேலே வந்து நிற்போம்.

இந்தி பேசும் மாநிலங்கள் ஒன்பதையும் (உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஹரியாணா, உத்தராகண்ட், இமாச்சலம்) கூட்டினால் இப்போது 90 இடம், சரியாக 40 சதவீதம். சமப் பங்கீட்டில் 28-இல் 9, அதாவது 32.1 சதவீதம். அவர்களுக்கும் குறைகிறது. ஆனால் விகிதத்தில் பார்த்தால் அவர்கள் இழப்பது தங்கள் பங்கில் ஐந்தில் ஒன்று. தெற்கு இழப்பது கிட்டத்தட்ட பத்தில் மூன்று. தமிழ்நாடு மட்டும் என்றால் பாதிக்கும் மேல்.

அப்போது யாருக்குக் கூடுகிறது? அசாமுக்கு 7, மற்ற ஏழு வடகிழக்கு மாநிலங்களுக்குத் தலா 1. மொத்தம் 14 இடங்கள், 6.2 சதவீதம். சமப் பங்கீட்டில் 28-இல் 8, அதாவது 28.6 சதவீதம். நாட்டு மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் வாழும் பகுதிக்கு அவையில் கால் பங்குக்கு மேல்.

இன்னொன்று. ராஜமன்னார் அறிக்கை வந்த 1971-இல் நாட்டில் 18 மாநிலங்கள் இருந்தன. அன்று சமப் பங்கு என்றால் நமக்கு 5.6 சதவீதம். இன்று 3.6. புதிதாக ஒரு மாநிலம் உருவாகும்போதெல்லாம் மற்ற எல்லோருடைய பங்கும் கரையும். நம் சம்மதத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கே சறுக்கினோம்?

என் தவறு எங்கே என்று யோசித்தேன். "சிறிய மாநிலம்" என்பதையும் "குறைந்துபோகும் மாநிலம்" என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாடு சிறிய மாநிலம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி பேர். இன்றைய மாநில எல்லைகளை வைத்துப் பார்த்தால் மக்கள்தொகையில் ஆறாவது இடம். நம் பிரச்சினை அளவு அல்ல, வளர்ச்சி வேகம். மற்ற இடங்களைவிட நம் மக்கள்தொகை மெதுவாக வளர்ந்தது. 1962 பொதுத்தேர்தலில் 41 மக்களவைத் தொகுதிகள் இருந்தன. 1967-இல் 39 ஆயின. 1976-இல் 42-ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது. பின்னர் 84-ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

அந்த உறை உருகினால் என்ன ஆகும்? 543 இடங்களையும் 2011 மக்கள்தொகைப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டுக்குச் சுமார் 32, கேரளத்துக்கு இப்போதுள்ள 20-க்குப் பதில் 15, உத்தரப் பிரதேசத்துக்கு 80-க்குப் பதில் 90. இது என் வீட்டுக் கணக்குதான், யாரும் போட்டுப் பார்க்கலாம். அச்சம் இதுதான், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் மாநிலங்களுக்குச் சம இடம் என்பது இந்த நோய்க்கான மருந்து அல்ல. அது சிறியவர்களைப் பெரியவர்களிடமிருந்து காப்பாற்றச் செய்யப்பட்ட ஏற்பாடு. அந்தத் தராசில் வைத்தால் நாம் பெரியவர் தட்டில்தான் உட்காருவோம். தலைவலிக்காரன் வயிற்றுவலி மாத்திரையை வாங்கி விழுங்கின கதை.

அமெரிக்காவில் நடந்தது

மூலத்தைப் பார்ப்போம். 1787-இல் பிலடெல்பியாவில் வர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன. டெலவேர், நியூ ஜெர்சி போன்றவை சம இடம் கேட்டன. ஒரு கட்டத்தில் மாநாடே உடைந்துவிடும் போல இருந்தது. கடைசியில் ஜூலை 16 அன்று கனெக்டிகட் சமரசம் என்று பின்னாளில் பெயர்பெற்ற ஏற்பாடு 5-க்கு 4 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள் இரண்டாகப் பிரிந்துபோனதால் அந்த மாநிலத்தின் வாக்கு கணக்கில் வரவில்லை. கீழவையில் மக்கள்தொகை, மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு.

இதைத் தத்துவமாகப் பேசுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது பேரம். அந்த மாநிலங்கள் ஒன்றியத்துக்கு முன்பே தனித்தனியாக இருந்தவை. "கொடுக்காவிட்டால் வரமாட்டோம்" என்று சொல்லும் நிலையில் இருந்தவை. அந்த மிரட்டலுக்குக் கிடைத்த விலைதான் செனட். 1790 கணக்கெடுப்பில் மிகப் பெரிய வர்ஜீனியா, மிகச் சிறிய டெலவேரைப் போலச் சுமார் 13 மடங்கு. 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியா, வயோமிங்கைப் போல 68 மடங்குக்கும் மேல். இரண்டுக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள். மாற்றலாமே என்றால் முடியாது. எந்த மாநிலத்தின் சம வாக்கையும் அதன் சம்மதமில்லாமல் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் ஐந்தாவது பிரிவிலேயே பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

சம இடம் என்றால் புதிய மாநிலம் உண்டாக்குவதே அரசியல் லாபமாகிவிடும் என்பதையும் அங்கே பார்க்கலாம். 1889-இல் டகோட்டா பிரதேசத்தை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கிச் சேர்த்தார்கள். இரண்டு செனட்டர்கள் வர வேண்டிய இடத்தில் நான்கு பேர் வந்தார்கள்.

நம் மூன்றாவது பிரிவு

இந்தியாவில் இது இன்னும் ஆபத்து. நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், எல்லையை மாற்றலாம். அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. ஆனாலும் தெலங்கானா பிறந்தது. தெலங்கானா வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வி இல்லை, அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

இப்போதைய முறையில் மாநிலத்தைப் பிரித்தால் இடங்களும் பிரியும், கூடாது. ஆந்திரத்தின் 18 இடங்கள் 11, 7 என்று பிரிந்தன. 2000-இல் உத்தரப் பிரதேசத்தின் 34 இடங்கள் 31, 3 என்றும், பீகாரின் 22 இடங்கள் 16, 6 என்றும் ஆயின. யாருக்கும் லாபமில்லை.

சமப் பங்கீடு வந்தால்? 2011 நவம்பரில் உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் தன் மாநிலத்தை நான்காகப் பிரிக்கத் தீர்மானம் போட்டது. அது அப்போது நடக்கவில்லை. ஆனால் மாநிலத்துக்கு 8 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசம் ஒன்றாக இருந்தால் 8, நான்கானால் 32. இன்றைய 31-ஐவிட ஒன்று கூடுதல்! சமத்துவம் என்று நாம் கேட்டு வாங்குவதை, மக்களவையில் பெரும்பான்மை உள்ளவர்கள் மாநிலங்களைப் பிரித்துப் பிரித்தே தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். ராஜமன்னார் குழுவின் பரிந்துரையை மேடையில் எடுத்துச் சொல்பவர்கள் இந்த ஓட்டையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

எதிர்த்தரப்பின் நியாயம்

இதனால் சிறிய மாநிலங்களுக்கு எதுவும் கொடுக்கத் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. மிசோரமுக்கோ நாகாலாந்துக்கோ அவையில் ஒரே ஒரு உறுப்பினர். அவருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அந்த மாநிலத்துக்கு மாநிலங்களவையில் குரலே இல்லை. எத்தனை நிலைக்குழுக்களில் அவர் உட்கார முடியும்? தலைகளை எண்ணி "சிக்கிமுக்குச் சுமார் 6 லட்சம் பேருக்கு ஒரு உறுப்பினர், நமக்கு 40 லட்சத்துக்கு ஒருவர், உத்தரப் பிரதேசத்துக்கு 64 லட்சத்துக்கு ஒருவர்" என்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒரு மொழியும் நிலமும் வரலாறும் கொண்ட சமூகம் ஒரே ஒரு நாற்காலியில் அடங்குமா என்பது நியாயமான கேள்வி.

நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களும் இதை யோசிக்காமல் விடவில்லை. முதல் 50 லட்சம் வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்பதுதான் நான்காவது அட்டவணையின் அடிப்படைக் கணக்கு. அளவு கூடக் கூட பங்கு கூடும் வேகம் குறையும். ஆனால் 50 லட்சத்துக்கு மேல் எவ்வளவு பெரிய மாநிலமானாலும் ஒரே வேகம். வரம்பு இல்லை.

ஜெர்மனியின் மேலவையான பன்டஸ்ராட்டில் வரம்பு உண்டு. குறைந்தது 3 வாக்கு. 20 லட்சம் மக்களுக்கு மேல் 4, 60 லட்சத்துக்கு மேல் 5, 70 லட்சத்துக்கு மேல் 6. அதோடு நிறுத்தம். மொத்தம் 69. சம இடமும் இல்லை, தலைக்கணக்கும் இல்லை. படிக்கட்டு.

இதே போல நமக்கு ஒரு படிக்கட்டைப் போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகையில் 6 கோடிக்கு மேல் உள்ள ஒன்பது மாநிலங்களுக்குத் தலா 14. மூன்று முதல் ஆறு கோடி வரை உள்ள ஆறு மாநிலங்களுக்குத் தலா 9. ஒன்று முதல் மூன்று கோடி வரை உள்ள நான்குக்குத் தலா 6. ஒரு கோடிக்குக் கீழே உள்ள ஒன்பதுக்குத் தலா 3. மொத்தம் 231. இப்போதுள்ள 225-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இதில் தமிழ்நாட்டுக்கு 14, சுமார் 6.1 சதவீதம். நம் மக்கள்தொகைப் பங்கும் ஏறத்தாழ 6 சதவீதம்தான். தெற்குக்கு 55, அதாவது 23.8 சதவீதம். பெரிய இழப்பு இல்லை. வடகிழக்குக்கு 30 இடங்கள், 13 சதவீதம். இன்றைய பங்கைப் போல இரண்டு மடங்கு. ஒன்பது இந்தி மாநிலங்களுக்கு 86, அதாவது 37.2 சதவீதம். உத்தரப் பிரதேசம் 31-லிருந்து நம்மைப் போலவே 14-க்கு வரும்.

நமக்கும் நான்கு இடம் குறைகிறது, மறைக்கவில்லை. பிரித்தால் லாபம் என்ற ஆசை இந்தப் படிக்கட்டிலும் முழுசாகப் போகாது. அதனால் "ஒரு மாநிலம் பிரிந்தால் அதன் பழைய இடங்களே பிரியும்" என்ற விதியும் கூடவே வேண்டும். இதெல்லாம் உடனே நடக்கும் என்ற கனவும் எனக்கில்லை. மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தைத் தொடும் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், பாதிச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். ஆனால் கேட்பதைச் சரியாகக் கேட்க வேண்டாமா?

எண்ணிக்கைக்கு முன்னால்

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மாநிலங்களவையில் நமக்கு எத்தனை இடம் கொடுத்தாலும், அந்த இடத்தில் உட்காருபவர் மாநிலத்துக்காகப் பேச முடியுமா?

2003 வரை ஒரு மாநிலத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமானால் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும். அந்த ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும். 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினர் கொறடா சொல்வதைக் கேட்டுத்தான் கை தூக்க வேண்டும். டெல்லியில் உள்ள கட்சித் தலைமை ஒன்று சொல்லி, மாநில நலன் வேறாக இருந்தால் அவர் எந்தப் பக்கம்? பதில் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனியில் மேலவைக்கு வருபவர்கள் மாநில அரசுகளின் ஆட்கள். ஒரு மாநிலத்தின் வாக்குகள் மொத்தமாக ஒரே பக்கம்தான் விழ வேண்டும். அங்கே மேலவை உண்மையிலேயே மாநிலங்களின் அவை. இங்கே பெயரளவில்.

அதிகாரமும் அப்படித்தான். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள் வைத்திருக்கலாம், திருத்தம் சொல்லலாம். ஏற்பதும் ஏற்காததும் மக்களவையின் இஷ்டம். 2016-இல் ஆதார் மசோதா பண மசோதாவாக வந்தது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை ஒதுக்கித் தள்ளியது. சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம். 2002-இல் மாநிலங்களவை தோற்கடித்த பொடா சட்டம் அப்படித்தான் நிறைவேறியது. 543-க்கு முன்னால் 245 என்ன செய்யும்? அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மட்டும் கூட்டுக் கூட்டம் கிடையாது. அங்கேதான் மாநிலங்களவைக்கு உண்மையான பல் இருக்கிறது.

ஆகவே மக்களவையில் 39 இடம் 32 ஆவதை மாநிலங்களவையில் ஈடுகட்டலாம் என்ற பேச்சு அடிப்படையிலேயே தப்பு. ஆட்சி அமைவதும் கவிழ்வதும் மக்களவையில். பட்ஜெட் மக்களவையில். வாசலில் போனதைக் கொல்லையில் தேடுவது போலத்தான் இது.

என் முடிவை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவைப் பங்கீட்டுக்கான போராட்டத்தை மக்களவைக்குள்ளேயே நடத்த வேண்டும். மாநிலங்களவையைப் பொறுத்தவரை, முதலில் குடியிருப்புத் தகுதியைத் திரும்பக் கொண்டுவருவது, மாநிலங்களின் நிதியைத் தொடும் மசோதாக்களில் அந்த அவையின் சம்மதத்தைக் கட்டாயமாக்குவது. அதன் பிறகு இடங்களின் எண்ணிக்கை. அதுவும் சமப் பங்கு அல்ல, படிக்கட்டு. இந்த வரிசை மாறினால் பல்லில்லாத அவையில் கூடுதல் நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கள் ஆவோம்.

அந்தத் தம்பியின் தொலைபேசி எண்ணை அன்றைக்கு வாங்கிக்கொள்ளவில்லை. இதைப் படிக்க நேர்ந்தால் அவருக்கான பதில்: 225-லேயே பங்கு போட்டால் 18 எட்டாகும் தம்பி. அன்னைக்கு நீங்க கேட்டதுதான் சரியான கேள்வி. கூட்டங்களில் அந்த முடிவுரையை நான் இப்போது சொல்வதில்லை.